ரத்த அணுக்களை நுண்ணிய கால்வாயில் ஒற்றை வரிசையில் ஓடவைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

காவேரிப்பட்டணம்:
பெங்களூரில் எம்.டெக். ஆய்வின்போது நடந்தது. 50 மைக்ரான் அகலம், அதே உயரம் கொண்ட சதுரக் கால்வாயில் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவில் ஓட வேண்டும். இரண்டு சேர்ந்து போனால், அணுக்களை எண்ணும் லேசர் அவற்றை ஒன்றாக எண்ணிவிடும். பெரிய கருவிகளில் சுற்றிலும் வேறொரு திரவத்தைப் பாய்ச்சி அணுக்களை நடுவே நெருக்குவார்கள். அதற்கு வேண்டிய இரண்டாவது பம்ப் என்னிடம் இல்லை. திரவம் கெட்டியாக இருந்தால் போதும் என்று நானாகவே முடிவு செய்து கிளிசரின் கலந்தேன். இரண்டு வாரம் வீண். வாரச் சந்தைக் கூட்டம் போலக் கால்வாய் அகலத்துக்கும் சிதறி ஓடின.

வழிகாட்டி பாலிஎத்திலீன் ஆக்சைடு பொடியைக் கொடுத்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தேன், அவ்வளவுதான், அணுக்கள் நடுவுக்கு வந்தன. இது ஏன் வேலை செய்கிறது என்று அம்மா கேட்டபோது, அவர் நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயைத்தான் காட்டினேன். தேன் கெட்டி, ஆனால் இழுத்துவிட்டால் பின்வாங்காது; வெண்டைக்காய்க் கொழகொழப்பு நூலாக நீண்டு, விட்டதும் சுருங்கும். அந்த இழுவைதான் காரணம். அந்தப் பொடியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஓட்டத்தில் இழுபட்டு விறைக்கின்றன. சுவரோரத்தில் இந்த விறைப்பு அதிகம், நடுவில் குறைவு. அணு விறைப்பு குறைந்த பக்கம் தள்ளப்படுகிறது. விசை விட்டத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. எனவே வெள்ளணு சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடும். பொடியன் தட்டணுவுக்கு நீளமான கால்வாய் வேண்டும்.

ஒரு தொல்லை: சதுரத்தின் நான்கு மூலைகளிலும் விறைப்பு குறைவுதான். அங்கும் சில அணுக்கள் போய் ஒண்டிக்கொண்டன. ஓட்டத்தைக் கூட்டியதும் நிலைமத்தால் (ஓடும் திரவம் தன் போக்கை மாற்ற மறுக்கும் இயல்பு) சுவர் அவற்றை மூலையிலிருந்து வெளியே தள்ளியது. நடுவில் ஒரே கோடு. பேராசையில் இன்னும் கூட்டினேன். கோடு கலைந்துவிட்டது.

தருமபுரி, ஆய்வக நுட்பர்:
தம்பி, உங்களுக்குக் கோடாவது கலைந்தது. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த மாணவி ஒருவர் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதில் ரத்தத்தை விட்டார். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு ஒன்றுகூட இல்லை, வெறும் சிவப்புத் தண்ணீர். உப்பில்லாத நீரை உறிஞ்சி எல்லாம் வெடித்துவிட்டன. இருபது ஆண்டு ரத்தம் பார்த்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுநாள் ரத்தத்துக்கு ஈடான உப்புள்ள பாஸ்பேட் உப்புக் கரைசலில் பொடியைக் கரைத்தோம், அணுக்கள் முழுசாக இருந்தன.

பாலக்கோடு:
என் கரைசல் காலையில் அணுக்களை அழகாக வரிசைப்படுத்தியது, மாலையில் மறுத்தது. பம்ப், சிப், குழாய் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். குற்றவாளி நான்தான். பொடியை மொத்தமாகக் கொட்டினால் கேழ்வரகு மாவு போலக் கட்டி தட்டும். அதை உடைக்கக் காந்தக் கலக்கியை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தேன், மதிய உணவின்போதும் நிறுத்தவில்லை. அந்தச் சுழற்சியில் நீளச் சங்கிலிகள் அறுந்துபோயின. களி கிண்டும் கைவலுவை இதில் காட்டக் கூடாது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மெதுவாக உருட்டும் கருவியில் இரவு முழுக்க விட்டுவிடுகிறேன்.

காவேரிப்பட்டணம்:
தருமபுரி அக்கா, அந்த உப்புப் பாடத்தை நானும் ஒரு குப்பி ரத்தம் கொடுத்துத்தான் கற்றேன், வெளியே சொல்லவில்லை. பாலக்கோட்டு அண்ணா, ஹயலூரானிக் அமிலம் முயன்றீர்களா? நம் மூட்டுகளின் வழவழப்புத் திரவத்தில் இருப்பதுதான். 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதைக் கலந்து மிக வேகமான ஓட்டத்திலும் துகள்களை நடுவில் நிறுத்திக் காட்டினார்கள்.

சொல்ல மறந்தது ஒன்று. கெட்டியாகக் கலந்த பாலிஎத்திலீன் ஆக்சைடு மூலக்கரைசலின் மிச்சத்தை ஊற்றும்போது கவனம். பீக்கரைச் சற்றுச் சாய்த்தேன், கொஞ்சம் வழிந்ததும் நிமிர்த்தினேன். வழிந்த பகுதி பின்னாலிருப்பதை இழுக்க, அது விளிம்பேறித் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் நிறுத்தினேன். தரையைத் துடைக்க அரை மணி நேரம்.