மதிய நிழல் தெற்கே விழுகிறது, சோலார் பேனலை எந்தப் பக்கம் வைப்பது? அவசரம்

மொட்டைமாடி:
வணக்கம். பேனல் மாட்ட நாளை மறுநாள் ஆள் வருகிறார். திசை பிசகக் கூடாது என்று மாடியில் கம்பு நட்டு நிழலைக் குறித்தேன். 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக, வடக்கே விழும் என்று படித்திருந்தேன். இங்கே 12 தாண்டியும் குறுகிக்கொண்டே போகிறது, அதுவும் தெற்கே விழுகிறது. அப்படியானால் பேனலை வடக்குப் பார்த்து வைக்கணுமா?

தென்றல்77:
எந்த ஊர்? எந்தத் தேதியில் பார்த்தீர்கள்?

ரசமட்டம்:
கம்பு சாய்ந்திருக்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தீர்களா? தரை மட்டமா? மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதிலேயே கணக்கு தப்பும். பலகை போட்டு ரசமட்டம் வைத்துச் சரி செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

காந்தமுள்:
தெற்கு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? போன் காம்பஸா? கான்கிரீட் கம்பிக்குப் பக்கத்தில் அது எதையாவது காட்டும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான். குழப்புவது இரும்புதான்.

வானியல்_மூத்தவர்:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்காமல் இழை தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கடகரேகைக்குத் தெற்கே இருப்பவர்களுக்குச் சூரியன் வருடத்தில் சில மாதம் உச்சிக்கு வடக்கே போகும். பள்ளிப் பாடம் இது. ஊரும் தேதியும் சொல்லாதவருக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மொட்டைமாடி:
மன்னிக்கவும், கோவை. நேற்று, ஜூலை 25. கம்பு 1 மீட்டர், தூக்குக்குண்டு விட்டுத்தான் நட்டேன். 12.20க்கும் 12.35க்கும் நடுவில் நிழல் 15 செ.மீ. அளவிலேயே நின்றது, எது குட்டை என்று பிரிக்க முடியவில்லை.

தென்றல்77:
அப்படியானால் உங்கள் அளவு சரி. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. கோவை 77 டிகிரியில் இருப்பதால் உச்சிப்பொழுது 22 நிமிடம் தாமதம். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் ஜூலைக் கடைசியில் இன்னும் 6 நிமிடம் சேரும். ஆக 12.28. பிப்ரவரி நடுவில் பார்த்தால் 12.36 ஆகும், நவம்பர் தொடக்கத்தில் 12.06.

குட்டை நிழலுக்காகக் காத்திருக்காதீர்கள். சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும்போது, நீங்கள் சொன்ன அந்தக் கால் மணி நேரத்தில் நீளம் அரை செ.மீ. கூட மாறாது, திசையோ 20 டிகிரிக்கு மேல் சுழன்றுவிடும். கம்பைச் சுற்றி 58 செ.மீ. ஆரத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பத்தரை மணி வாக்கில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, இரண்டரை வாக்கில் திரும்பத் தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. நுனி மங்கலாகத்தான் தெரியும். ஓட்டை போட்ட அட்டையைக் கம்பின் உச்சியில் கட்டினால் சின்னதாக ஒரு வெளிச்சப் பொட்டு விழும், அதன் நடுவைக் குறியுங்கள்.

கொங்கு_சோலார்:
பேனல் தெற்குப் பார்த்தே இருக்கட்டும். கோவையில் மதியச் சூரியன் வடக்கே இருப்பது ஏப்ரல் 19 முதல் ஆகஸ்ட் 24 வரை, ஏறக்குறைய நான்கு மாதம். மீதி எட்டு மாதம் தெற்கேதான். தெற்கே தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருக்கிறதா? டிசம்பர் 21 வாக்கில் 1 மீட்டர் உயரத்துக்கு மதியமே 68 செ.மீ. நிழல் வடக்கே வரும்.

மரபுவழி:
சித்திரை 1 அன்று உதிக்கும் திசைதான் சரியான கிழக்கு. முன்னோர் அப்படித்தான் கணித்தார்கள்.

வானியல்_மூத்தவர்:
இல்லை. சரியான கிழக்கில் உதிப்பது மார்ச் 20, 21 வாக்கிலும் செப்டம்பர் 22, 23 வாக்கிலும். ஏப்ரல் 14க்குள் 9 டிகிரிக்கு மேல் வடக்கே நகர்ந்துவிடும். வட்டம் போடும் முறை காத்தியாயன சுல்ப சூத்திரம் என்ற பழைய வடமொழி நூலில் இருக்கிறது, அதைப் படியுங்கள்.

மரபுவழி:
எல்லாவற்றையும் வடக்கிலிருந்தே கொண்டுவர வேண்டுமா? நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுப்பவர்கள் இரண்டு கோல் நட்டு, நண்பகலில் நிழல் பார்த்துத்தான் கயிறு பிடிக்கிறார்கள்.

வானியல்_மூத்தவர்:
அதே பாட்டில் நண்பகல் என்றுதானே இருக்கிறது? சித்திரை உதயம் என்று எங்கே இருக்கிறது?

தென்றல்77:
இருவரும் இதைத் தனி இழையில் பேசுங்கள், நானும் வருகிறேன். இங்கே அவருக்கு நாளை காலை வேலை நடக்க வேண்டும்.

மொட்டைமாடி:
வட்டம் போட்டுப் பார்த்தேன். 10.26, 2.31. கோடு கைப்பிடிச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் திரும்பி நிற்கிறது, அதனால் சுவரை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்தே ஸ்டாண்ட் போட்டாச்சு. தெற்கு. எல்லாருக்கும் நன்றி.

கொங்கு_சோலார்:
நல்லதுங்க. தொட்டி எந்தப் பக்கம் என்று சொல்லவே இல்லையே? சாய்வு எத்தனை டிகிரி வைத்தார்கள்?