பிறையில் வீடு, பெட்டாலிங் ஜெயாவில் டீலர்: புது மின்கார் அங்கே எடுக்கலாமா? (2025 கடைசியில் நடந்த உரையாடல்)

பிறைக்காரன்:
வணக்கம். மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கிறேன். முடிவுக்கு வர முடியாமல் இங்கே கேட்கிறேன். நான் பார்த்து வைத்திருப்பது ஒரு சீன மின்கார். முழு இறக்குமதி, 60 கிலோவாட்-மணி பேட்டரி. பினாங்கு டீலர் சொன்ன விலையைவிட பெட்டாலிங் ஜெயா (பிஜே) டீலர் 7,500 வெள்ளி (ரிங்கிட்) குறைத்துச் சொல்கிறார். அதே மாடல், அதே நிறம். வால்பாக்ஸ் (வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜர்) இரண்டு இடத்திலும் இலவசம்.

முழு இறக்குமதி மின்கார்களுக்கான வரிவிலக்கு இந்த 2025 டிசம்பர் 31-ஓடு முடிகிறது, இந்த மாதமே புக்கிங் போடுங்கள் என்று இரண்டு பக்கமும் நெருக்குகிறார்கள். மனைவி இங்கேயே வாங்கச் சொல்கிறார். கேஎல்லில் (கோலாலம்பூர்) இருக்கும் தம்பி அங்கே எடுக்கச் சொல்கிறான். வெளி மாநிலத்தில் எடுத்தால் ரோட் டேக்ஸ், பதிவு, வாரண்டி எதிலாவது மாட்டிக்கொள்வேனா?

கெடா_மின்காரன்:
தாராளமா எடுங்க அண்ணே. நான் சுங்கை பட்டாணி, என் கார் ஷா ஆலம்ல எடுத்தது.

மாநில எல்லைன்னு நாம பயப்படுற மாதிரி தீபகற்பத்துல ஒண்ணுமே இல்ல. மாநிலத்துக்கு மாநிலம் கார் வரி மாறாது. சபா, சரவாக், லங்காவின்னா கதை வேற. பதிவு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) எந்தக் கிளையிலும் ஆகும், உங்க ஐசில (அடையாள அட்டை) பிறை முகவரி இருந்தா போதும். ரோட் டேக்ஸ் ஆன்லைன்லயே புதுப்பிக்கலாம். மின்காருக்கான ரோட் டேக்ஸ் விலக்கும் இந்த டிசம்பரோட முடியுது. அடுத்த ஜனவரிலேர்ந்து மோட்டாரோட கிலோவாட் பார்த்துதான் கணக்கு. 150 கிலோவாட் காருக்கு வருஷம் 160 வெள்ளி. பினாங்குல எடுத்தாலும் அதே 160, பிஜேல எடுத்தாலும் அதே 160.

வாரண்டி கொடுக்கிறது டீலர் இல்ல, பிராண்டோட விநியோகஸ்தர். இப்ப வர்ற பெரும்பாலான காருக்கு பேட்டரி வாரண்டி 8 வருஷம், 160,000 கிலோமீட்டர். அது நாடு முழுக்க எந்த அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டர்லயும் செல்லும். 7,500 வெள்ளிய எதுக்கு விட்டுக்கொடுக்கணும்? வீட்டு லோன்ல அது எத்தனை மாசத் தவணை!

பாயான்பாரு_அக்கா:
கெடா தம்பி சொன்னதில் வரி, பதிவு பற்றிய பகுதி சரி. வாரண்டி பற்றிய பகுதி பாதிதான் சரி. பிறைத் தம்பி அந்த மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு பணம் கட்டட்டும்.

பேட்டரியும் மோட்டாரும் கெட்டுப்போனால் விநியோகஸ்தர் பார்ப்பார். சண்டை வருவது அங்கே அல்ல. கார் கைக்கு வந்த முதல் மாதத்தில் தெரியும் குறைகள் இருக்கின்றனவே: கதவு விளிம்பில் பெயிண்ட் சரியில்லை, பின்கதவு சீராக மூடவில்லை, கண்ணாடி டின்டட்டில் குமிழ், டேஷ்கேம் வேலை செய்யவில்லை. இவையெல்லாம் டெலிவரி கொடுத்தவர் பொறுப்பு. என் நாத்தனார் மகன் கேஎல், பிஜே இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு டீலரிடம் எடுத்தான். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் பின்கதவில் பெயிண்ட் வேறு சாயலாக இருப்பது தெரிந்தது. இங்குள்ள சர்வீஸ் சென்டர், "இது டெலிவரிக் குறை, விற்றவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் செய்து தருகிறோம்" என்றது. விற்ற இடம், "காரைக் கொண்டு வாருங்கள், பார்க்கிறோம்" என்றது. கொண்டுபோவது என்றால் 350 கிலோமீட்டர். வேலைக்கு லீவு, டோல், சார்ஜ் செலவு, அங்கே தங்கும் செலவு. கார் முடியும்வரை இங்கே மாற்று வண்டி இல்லை.

உள்ளூர் டீலர் தெய்வம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கடை வாசலில் நான் போய் நிற்க முடியும். அந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. 7,500 அதற்கு அதிகமா குறைவா என்பதுதான் உங்கள் கேள்வி.

கெடா_மின்காரன்:
அக்கா, நீங்க சொல்ற பெயிண்ட் பிரச்சனை தூரத்தால வந்தது இல்ல, பார்க்காம கையெழுத்துப் போட்டதால வந்தது. பக்கத்து டீலர்கிட்ட எடுத்தாலும் பார்க்காம எடுத்தா இதேதான்.

நான் எடுத்தப்ப, ஆர்டர் தாள்லயே சேசிஸ் நம்பர் எழுதச் சொன்னேன். ஜேபிஜே பதிவுக்கு முன்னாடி காரை நேர்ல பார்ப்பேன், பிடிக்கலைன்னா வேற கார் தரணும்னு அதே தாள்ல எழுதி கம்பெனி முத்திரையும் வாங்கினேன். பதிவு ஆகுற வரைக்கும் அது அவங்க கார், குறை இருந்தா அவங்கதான் ஓடி வருவாங்க. கிரான்ல (கார் உரிமைப் பத்திரம்) உங்க பேர் ஏறிட்டா அது செகண்ட் ஹேண்ட் காரு, அப்புறம் யாருமே திருப்பி வாங்க மாட்டாங்க. பிறை அண்ணன் நினைவுல வைக்க வேண்டியது இந்த ஒரு வரிசைதான்: முதல்ல கார், அப்புறம் பதிவு.

பார்க்கும்போது டயர் ஓரத்துல நாலு இலக்க எண்ணைப் பாருங்க. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். சேசிஸ் தகட்டுல தயாரிப்பு ஆண்டையும் பாருங்க. கிடங்குல ரொம்ப நாள் நின்ன காருக்கு 12 வோல்ட் பேட்டரி செத்துக் கிடக்கும். பெரிய பேட்டரி நல்லா இருந்தாலும் இந்தச் சின்னது போனா காரே கிளம்பாது.

பாயான்பாரு_அக்கா:
நேரில் போய்ப் பார்த்து, திருப்தியில்லை என்றால் திரும்பி வந்து, மறுபடி போய்ப் பார்ப்பது யாருக்கு முடியும்? பிறையில் தொழிற்சாலை ஷிப்டில் இருப்பவருக்கு முடியுமா? பதிவு வரிசையை நீங்கள் சொன்ன மாதிரி கேட்டால் ஒத்துக்கொள்ளும் டீலர்களும் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். வருடக் கடைசியில், வரிசையில் ஆள் நிற்கும்போது, ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

வயர்மேன்_பிஎம்:
புக்கிட் மெர்தாஜமில் வயரிங் வேலை செய்கிறேன். எல்லாரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். வால்பாக்ஸை யார் வந்து மாட்டுவார் என்று கேட்டீர்களா?

பிஜே டீலர் கொடுக்கும் "இலவச வால்பாக்ஸ்" பெரும்பாலும் அவருடைய கான்ட்ராக்டர் கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் வந்து மாட்டித் தருவதற்கான விலையில் போட்டது. பிறைக்கு வரச் சொன்னால் வெளியூர்க் கூலி கேட்பார், இல்லை பெட்டியை மட்டும் காரில் வைத்து அனுப்பிவிடுவார். பிறகு எனக்கு அழைப்பு வரும். பெட்டி ஒருவர் கொடுத்தது, மாட்டியது இன்னொருவர் என்றால், பழுதானதும் இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

பிறைப் பக்கம் பழைய டெரஸ் வீடுகள் நிறைய சிங்கிள் பேஸ். 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்ப் இழுக்கும், மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். இரவில் இரண்டு ஏர்கோன், வாட்டர் ஹீட்டர், மேலே இது. பழைய டிபியில் (வீட்டு மின்பெட்டி) அப்படியே சேர்த்தால் மெயின் விழும், இல்லை கம்பி சூடாகும். தனி சர்க்கியூட் வேண்டும். சார்ஜருக்கு ஏற்ற ஆர்சிடி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சாதனம்) வேண்டும், வீட்டில் இருக்கும் சாதாரண ஆர்சிடி டிசி கசிவைப் பிடிக்காது. டிபி சமையலறைப் பக்கம், கார் போர்ச்சில் என்றால் கம்பி நீளம் கூடும், கனமும் கூட வேண்டும். பேக்கேஜில் எத்தனை மீட்டர் கம்பி என்று கேளுங்கள். மிச்ச மீட்டருக்குக் காசு உங்கள் பையில் இருந்து.

சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவான ஆள்தான் செய்ய வேண்டும். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜர் செலவுக்கு வருமான வரியில் 2,500 வெள்ளி வரை கழிவு 2027 வரி ஆண்டு வரை இருக்கிறது. நீங்கள் செலவழித்த தொகைக்குத்தான் கழிவு, டீலர் இலவசமாகக் கொடுத்ததற்கு இல்லை.

பிஜே_விற்பனை:
முதலில் சொல்லிவிடுகிறேன், நான் பெட்டாலிங் ஜெயாவில் கார் விற்கிறவன். பிறை அண்ணன் சொல்லும் பிராண்ட் என்னுடையதா என்று கேட்க மாட்டேன்.

அங்கே விலை குறைவு என்பதால் கார் மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே கப்பலில் வந்த கார்தான். இங்கே ஒரே பிராண்டுக்கு அக்கம்பக்கத்திலேயே பல கடைகள். மாத இலக்கை எட்டினால் விநியோகஸ்தர் கொடுக்கும் போனஸ் ஒவ்வொரு காரிலும் கிடைக்கும் லாபத்தைவிடப் பெரிது. அதற்காகத் தன் லாபத்தை வெட்டி ரிபேட்டாகக் கொடுப்போம். வடக்கில் கடை குறைவு, போட்டி குறைவு. அதனால்தான் வித்தியாசம்.

ஆனால் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். புக்கிங் பணம் கம்பெனி கணக்குக்குத்தான் போக வேண்டும். விற்பனையாளரின் சொந்தக் கணக்கைக் கொடுத்தால், அவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் விலகுங்கள். இரண்டாவது, ரிபேட் இன்வாய்ஸில் கழிந்து வர வேண்டும். "இன்வாய்ஸ் முழு விலைக்கு, ரிபேட்டைப் பிறகு கையில் தருகிறேன்" என்று சொன்னால் லோன் முழு விலைக்குப் போகும், 9 வருடமும் அந்தத் தொகைக்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள். கையில் வர வேண்டிய பணம் வராமலே போகவும் கூடும்.

பாயான்பாரு_அக்கா:
விற்பனைத் தம்பி உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இதிலேயே என் பதிலும் இருக்கிறது. இலக்கை எட்டத்தான் ரிபேட் என்றால், கார் போன அன்றே அந்தக் கடைக்கு நீங்கள் முடிந்துபோன கணக்கு. இங்கேயுள்ள டீலர் என்னிடம் அடுத்த சர்வீஸில், என் தங்கைக்கு வாங்கும் அடுத்த காரில் சம்பாதிக்க வேண்டும். அதனால் என் போனை எடுப்பார்.

இன்னொன்று, வடக்கில் கடை குறைவு, அதனால் விலை அதிகம் என்கிறோம். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் கேஎல்லில் வாங்கினால் இங்கே இரண்டாவது கடையை யார் திறப்பார்? உயர்மின்னழுத்தப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கை வேலைக்கு வைக்க, பாடி ரிப்பேருக்குத் தனி இடம் போட, யாருக்குத் தைரியம் வரும்?

கெடா_மின்காரன்:
அக்கா, இதுலதான் எனக்கும் உங்களுக்கும் உண்மையான கருத்து வேறுபாடு. சர்வீஸ் சென்டர் திறக்கிறது, இந்தப் பக்கம் எத்தனை கார் ஓடுதுன்னு பார்த்து. எங்க வாங்கினாங்கன்னு பார்த்து இல்ல. என் ஷா ஆலம் கார் சர்வீஸுக்கு இங்கதான் போகுது, இங்கதான் காசு கொடுக்குது. வடக்குல இருக்கிறவங்க கூடுதல் விலை கொடுத்துக்கிட்டே இருந்தா, இங்க உள்ள கடை விலையைக் குறைக்கக் காரணமே இல்லாமப் போகும். கடை வளரணும்னு சம்பளக்காரன் தன் பையிலேர்ந்து 7,500 கொடுக்கணும்கிறது நியாயமா?

டெஸ்லாவைப் பாருங்க. 2023-ல இங்க வந்ததுலேர்ந்து டீலரே இல்ல, ஆன்லைன்ல ஆர்டர், பினாங்குக்காரனுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ்காரனுக்கும் ஒரே விலை. அப்படி இருந்தா இந்தச் சண்டையே வராது.

பாயான்பாரு_அக்கா:
டெஸ்லாவை நீங்கள் இழுத்தது நல்லது. அங்கே விற்றவரும் சர்வீஸ் செய்பவரும் ஒரே கம்பெனி, அதனால் "அவரைப் போய்க் கேள்" என்று தள்ள ஆள் இல்லை. டீலர் முறையில் இரண்டு பேர். இரண்டு பேரையும் ஒரே ஊரில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பிறைத் தம்பி, டிசம்பர் 31 என்று உங்களை விரட்டுகிறார்களே, அதையும் நிதானமாகப் பாருங்கள். அந்தக் கெடு முழு இறக்குமதிக்கு மட்டும். உள்நாட்டில் பொருத்தும் மின்கார்களுக்கு விலக்கு 2027 கடைசி வரை உண்டு. புரோட்டான் இந்த செப்டம்பரில்தான் தஞ்சோங் மாலிமில் மின்கார் ஆலையைத் திறந்தது. அதன் இ.மாஸ் 7 சென்ற டிசம்பரில் 105,800 வெள்ளி அறிமுக விலையில் வந்தது. அந்த வகையில் ஒன்றை எடுத்தால் கெடுவும் இல்லை, பிஜேக்கு ஓடவும் வேண்டாம்.

கெடா_மின்காரன்:
அவர் மனசுல உள்ள காரை மாத்தச் சொல்றது பதில் இல்லக்கா. அப்படியே ஏமாந்தாலும் வழி இருக்கு. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, அதுக்குக் கீழ பயனீட்டாளர் தீர்ப்பாயம். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மனு போட 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம்.

பாயான்பாரு_அக்கா:
தீர்ப்பாயம் இருப்பது நல்ல விஷயம். பெயிண்ட் குறைக்கு, டேஷ்கேமுக்கு அது போதும். ஒரு லட்சத்துக்கு மேல் போன காரையே திருப்பிக் கொடு என்று கேட்க அந்த 50,000 வரம்பு பற்றாது.

பிறைக்காரன்:
அனைவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பேச்சைக் கேட்டு மனைவி பக்கம் சாய்ந்தேன், பிறகு கெடா நண்பர் எழுதியதைப் படித்துத் திரும்பினேன். இன்று இரண்டு கடைக்கும் போன் போட்டேன்.

பிஜேயில் வால்பாக்ஸ் பெட்டி மட்டும்தான், மாட்டுவது என் பொறுப்பு என்று இப்போதுதான் சொல்கிறார்கள். வயர்மேன் நண்பர் கேட்கச் சொல்லாவிட்டால் தெரிந்திருக்காது. என் டிபி பின்பக்கம் இருக்கிறது, பதிவான ஆளை வைத்துச் செய்தால் 1,800 ஆகும் என்று இங்கே ஒருவர் கணக்குக் கொடுத்தார். பினாங்கு டீலரிடம் பிஜே விலையைச் சொன்னதும் 2,500 குறைத்தார், மாட்டிக் கொடுப்பதும் அவரே. மிச்ச வித்தியாசம் 3,200.

பிஜே கடை, பதிவுக்கு முன் காரைக் காட்டச் சம்மதித்துவிட்டது. எழுத்தில் தரக் கேட்டேன், மேலாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். சனிக்கிழமை தம்பி போய் சேசிஸ் தகட்டைப் படம் எடுத்து அனுப்புவான். தயாரிப்பு ஆண்டு 2024 என்றிருந்தாலோ, எழுத்தில் தர மறுத்தாலோ, இங்கேயே புக்கிங் போட்டுவிடுவேன்.

கெடா_மின்காரன்:
சரியான வழி அண்ணே. எழுத்துல வந்தா 3,200-ம் நல்ல காசுதான். தம்பியப் பகல்ல போகச் சொல்லுங்க, கடைக்குள்ள விளக்கு வெளிச்சத்துல பெயிண்ட் தெரியாது. காரை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்க்கணும்.

பாயான்பாரு_அக்கா:
3,200-க்கு நான் போக மாட்டேன். ஆனால் முடிவு உங்களுடையது. பினாங்கு டீலரிடமும் அதே சேசிஸ் படத்தைக் கேளுங்கள், இங்கே நிற்கும் காரின் ஆண்டு என்ன என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை.