புகழ்ந்து தனிமைப்படுத்துதல்: 'எண்டர்ஸ் கேம்' நாவலுடன் என் அனுபவம்

அமெரிக்க எழுத்தாளர் ஆர்சன் ஸ்காட் கார்ட் எழுதி 1985இல் வெளிவந்த 'எண்டர்ஸ் கேம்' அறிவியல் புனைகதை நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் அதன் இறுதித் திருப்பத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னை ஆட்கொண்டதோ தொடக்கத்திலேயே வரும் ஒரு விண்கலப் பயணம். ஆறு வயதுச் சிறுவன் எண்டர் விக்கின் மற்றச் சிறுவர்களுடன் வேற்றுக்கிரகவாசிகளோடு நடக்கும் போருக்குச் சிறுவர்களைப் பழக்கும், விண்வெளியில் உள்ள போர்ப் பள்ளிக்குப் போகிறான். எடையற்ற நிலையில் மேல் எது, கீழ் எது என்பது நாமாக வைத்துக்கொள்வதுதான் என்று எண்ணிப் பார்த்து அவன் தனக்குள் சிரிக்கிறான். அதைக் கவனித்த, பள்ளியின் தலைவரான கர்னல் கிராஃப் காரணம் கேட்டு, அவன் சொன்ன விடையை எடுத்துக்காட்டி, இந்தக் கலத்தில் மூளையுள்ள பையன் இவன் ஒருவன்தான் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் அறிவிக்கிறார். அடுத்த சில நிமிடங்களில் பின்னிருக்கையில் இருந்து எண்டரின் தலையில் அடி விழத் தொடங்குகிறது. பொறுத்துப் பார்த்தவன் அடிக்கும் கையைப் பிடித்து இழுக்க, எடையற்ற அந்த வெளியில் அடித்த பையன் பறந்து போய் மோதிக் கையை முறித்துக்கொள்கிறான். பள்ளியில் காலடி வைப்பதற்கு முன்பே எண்டருக்கு நண்பர்கள் இல்லை என்று ஆகிவிடுகிறது.

கணக்கில் கெட்டிக்காரன் என்று சிறு வயதிலேயே பிரித்தெடுக்கப்பட்டு, ஒரு சிறப்புப் பயிற்சி வகுப்பில் சேர்க்கப்பட்டவன் நான். அங்கே ஓர் ஆசிரியர் என் விடைத்தாளை உயர்த்திப் பிடித்து, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் பக்கத்தில் இருப்பவன் தன் நோட்டை முழங்கையால் மறைத்துக்கொள்வான். அவர் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் பதினாறு வயதில் அந்த விண்கலக் காட்சியைப் படித்தபோது, எனக்கு நடந்ததை யாரோ ஒருவர் உள்ளிருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. பாராட்டு என்பது ஒரு குழந்தையை மற்றக் குழந்தைகளிடமிருந்து துண்டித்துவிடக் கூடியது என்பதை அதற்கு முன் எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

கிராஃப் அதைத் தெரிந்தே செய்கிறார் என்பதுதான் நாவலின் கொடுமை. அத்தியாயங்களின் தொடக்கத்தில், யார் பேசுகிறார்கள் என்ற குறிப்புக்கூட இல்லாமல், அதிகாரிகளின் உரையாடல்கள் வருகின்றன. விறுவிறுப்பில் பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு நாவலின் முதுகெலும்பே அவைதாம். எந்தப் பெரியவரும் எந்தச் சூழ்நிலையிலும் தனக்கு உதவ வரமாட்டார் என்று எண்டர் முழுமையாக நம்ப வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். பள்ளியின் மாணவப் படைகளில் ஒன்றுக்குத் தலைவனான போன்சோ மாட்ரிட் எண்டரைக் கொல்லும் வெறியோடு திரிவது அவர்களுக்குத் தெரிந்திருந்தும், குளியலறையில் நடக்கும் அந்தச் சண்டையை யாரும் தடுக்காமல் இருந்ததற்கும் அதுவே காரணம். போன்சோ இறந்துபோனது எண்டருக்குச் சொல்லப்படுவதில்லை. பள்ளிக்கு வருமுன் எண்டர் அடித்து வீழ்த்திய ஸ்டில்சன் என்னும் சிறுவன் இறந்ததும் அவனுக்குத் தெரியாது. இரண்டையும் போர் முடிந்தபின், கிராஃப்பின் மீது நடக்கும் வழக்கு விசாரணையின் வழியாகத்தான் அவன் அறிந்துகொள்கிறான்.

ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் வேறொன்று. ஒன்பது வயதைக் கடந்த எண்டரிடம் டிராகன் என்னும் மாணவப் படையின் தலைமை ஒப்படைக்கப்படுகிறது. முதல் நாள் பயிற்சியிலேயே, இருப்பவர்களில் மிகச் சிறியவனான பீன் என்பவனைத் தனியே பிரித்து, கேள்விகளைத் தொடுத்து, அவன் சரியாகச் சொன்ன விடைகளைக் காட்டி மற்றவர்களை எண்டர் மட்டம் தட்டுகிறான். படையில் மற்றவர்களின் முகம் மாறுவது அவனுக்கே தெரிகிறது. பின்னர் தனியாக இருக்கும்போது, தனக்குச் செய்யப்பட்டதையே தான் இன்னொருவனுக்குச் செய்துவிட்டதை உணர்ந்து கூசிப் போகிறான். வேற்றுக்கிரகப் படையோடு நடக்கும் போரைவிட இந்த ஒரு பக்கம்தான் எனக்குப் பெரிது. கிராஃப் கற்பிக்காமலே எண்டர் அதைக் கற்றுக்கொண்டுவிட்டான். 'அனலாக்' என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதை ஏட்டின் 1977 ஆகஸ்ட் இதழில் இதே தலைப்பில் வெளிவந்த மூலச் சிறுகதை, எண்டர் தன் படையைப் பழக்கும் கட்டத்தில்தான் தொடங்குகிறது. விண்கலப் பயணமும், அண்ணன் பீட்டர், அக்கா வாலண்டைன் ஆகியோரின் கதையும் எட்டு ஆண்டுகள் கழித்து நாவலில் சேர்ந்தவை.

இதே நாவலை மற்றவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதும் எனக்குப் பாடமாக இருந்தது. ராணுவத்தில் பணியாற்றிய நண்பர் ஒருவருக்கு இது தலைமைப் பண்பைப் பற்றிய நூல். வழக்கமான படைகள் பத்துப் பத்துப் பேராக நான்கு பிரிவுகளாக இருக்க, எண்டர் தன் படையை எட்டு எட்டுப் பேர் கொண்ட ஐந்து பிரிவுகளாக மாற்றி, களத்தில் அந்தந்தப் பிரிவின் தலைவனே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறானே, அதைப் பற்றி அவர் ஒரு மாலை முழுவதும் பேசினார். அமெரிக்க மரைன் படையின் வாசிப்புப் பட்டியலில் இந்நாவல் இடம்பெற்றதை அவர் வாயிலாகத்தான் அறிந்தேன். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. மாணவப் படைகள் மோதிப் பழகும் எடையற்ற போர் அறையில், எதிரியின் நுழைவாயில் இருக்கும் பக்கமே கீழ் என்று திசையையே மாற்றிக்கொண்டு சிந்திக்கும் அந்தத் துணிவு எனக்கும் பிடித்ததுதான். என் அக்காவோ போர் அறைக் காட்சிகளில் அவ்வளவாக ஈடுபடவில்லை. சோர்ந்துபோன எண்டரை மறுபடியும் போருக்குத் திருப்புவதற்காக வாலண்டைனின் பாசத்தையே கிராஃப் பயன்படுத்திக்கொள்ளும் ஏரிக்கரைக் காட்சியில் புத்தகத்தை மூடிவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் மீண்டும் எடுத்தாள்.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜான் கெஸெல் 2004இல் இந்நாவலைப் பற்றி எழுதிய விமர்சனக் கட்டுரை என்னை உண்மையிலேயே உலுக்கியது. எண்டர் எத்தனை பேரைக் கொன்றாலும் வாசகர் அவனைக் குற்றமற்றவனாகவே பார்க்கும்படி நாவல் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது என்பது அவருடைய வாதம். நோக்கம் தூய்மையாக இருந்தால் செயலும் தூய்மையாகிவிடுமா என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஈரோஸ் என்னும் சிறுகோளில், பாவனைப் பயிற்சி என்று நம்பி எண்டர் நடத்தும் கடைசிப் போரில் ஓர் இனமே அழிந்துபோகிறது. அவனுக்குத் தெரியாது என்பதனாலேயே நாம் அவனை மன்னித்துவிடுகிறோம். இந்த மன்னிப்பு மிக எளிதாகக் கிடைத்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்டர் தன்னை மன்னித்துக்கொள்வதில்லை. இறந்தவர்களுக்காகப் பேசுவதையே அவன் தன் வாழ்வாக ஏற்கிறான். அந்த வாழ்வைச் சொல்லும் 'ஸ்பீக்கர் ஃபார் த டெட்' நூலுக்கு அடித்தளம் இடுவதற்காகவே சிறுகதையை நாவலாக விரித்ததாகக் கார்ட் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கெஸெலின் வாதம் பாதி வலுவை இழக்கிறது என்பது என் கருத்து. மறு பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.

2013இல் வந்த திரைப்படத்தில் எண்டர் பதின்ம வயதினனாகிவிட்டான். பல ஆண்டுகளின் பயிற்சியும் குறுகிய காலத்திற்குள் சுருங்கிவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் செய்ததைப் பதின்ம வயது நடிகரைக் கொண்டு உணர்த்திவிட முடியாது.

இப்போது நானும் கணிதப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார்படுத்துகிறேன். நல்ல விடை ஒன்று வந்தால் பெயரைச் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, எல்லோருமாகச் சேர்ந்து அதை ஆராயச் செய்வது என் வழக்கம். எழுதியவருக்கான பாராட்டை வகுப்பு முடிந்தபின் தனியாகச் சொல்வேன். பதின்மூன்று வயதைத் தாண்டிய, விருப்பமுள்ள மாணவர்களுக்கு இந்நாவலைக் கொடுக்கிறேன். படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தர வருபவர்களிடம், அத்தியாயத் தொடக்கங்களில் வரும் பெயரில்லாத அந்த உரையாடல்களை மட்டும் வரிசையாக இன்னொரு முறை படித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற முறை அப்படிப் படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, அந்த அதிகாரிகளில் ஒருவருக்காவது சொந்தக் குழந்தைகள் இருந்திருப்பார்களா என்று கேட்டாள்.