ஐசிங் கேக்கில் நிற்காமல் வழிகிறது, சனிக்கிழமை மகளின் பிறந்தநாள்

கல்லடிக்காரி:
சனிக்கிழமை மகளுக்கு 7 வயது. பட்டர் கேக் எனக்கு நன்றாக வரும், அதில் பயமில்லை, ஐசிங்தான் சரிவருவதில்லை. போன மாதம் மகனின் பிறந்தநாளுக்கு வீட்டுச் சீனியை பிளெண்டரில் அரைத்து, தண்ணீரும் வனிலாவும் விட்டுக் கலக்கி ஊற்றினேன். ஊற்றினவுடன் அழகாகத்தான் இருந்தது. படம் எடுக்கப் போனைத் தேடிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் பக்கத்தால் வழிந்து தட்டில் குளமாக நின்றது, வாயில் வைத்தால் சீனி நறநற என்கிறது. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிப்போனது. வீட்டில் மின்சார பீட்டர் இல்லை, முட்டை அடிக்கிற கம்பிதான் இருக்கிறது. இந்தக் கச்சான் காற்று வெக்கையில் நிற்கிற மாதிரி, செலவு குறைந்த ஐசிங் ஒன்று சொல்லுங்க.

அடுப்பங்கரை, களுவாஞ்சிகுடி:
தங்கச்சி, கேக் நன்றாக ஆறியிருந்ததா? எவ்வளவு தண்ணீர் விட்டீங்க?

கல்லடிக்காரி:
அரை மணித்தியாலம் ஆறவிட்டேன் அக்கா. அடியில் கை வைத்தால் இளஞ்சூடு இருந்தது. தண்ணீர் அளக்கவில்லை, கால் கிளாஸ் இருக்கும்.

அடுப்பங்கரை, களுவாஞ்சிகுடி:
அப்போ இரண்டும் சேர்ந்துதான் வழிந்திருக்கிறது. இளஞ்சூடு இருந்தாலே ஐசிங் இளகி ஓடிவிடும், அதனால் வெள்ளி இரவே கேக்கைச் சுட்டு மூடி வையுங்க.

கடையில் 250 கிராம் ஐசிங் சுகர் வாங்குங்க, 8 அங்குலக் கேக்கின் மேற்பக்கத்துக்குக் காணும். அதில் கட்டிபடாமல் இருக்கப் பெரும்பாலும் கொஞ்சம் கோன்ஃப்ளவர் கலந்திருக்கும். வீட்டுச் சீனியை எவ்வளவு அரைத்தாலும் அந்த அளவு மாவாகாது, அந்த நறநறப்பு அதனால்தான் வந்தது. கட்டாயம் அரிதட்டில் அரித்தெடுங்க. அப்புறம் 2 மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டுக் கலக்குங்க, முதலில் காணாது போலத்தான் இருக்கும், அவசரப்பட்டு இன்னும் தண்ணீர் ஊற்றிவிடாதீங்க, ஒரு நிமிடம் விடாமல் கலக்கினால் தானாக இளகி வரும். பிறகும் இறுக்கமாக இருந்தால் அரைத் தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டியாகத்தான் தண்ணீர். கரண்டியைத் தூக்கினால் நாடா போல விழ வேண்டும், விழுந்த கோடு பத்து எண்ணும் வரை மேலே தெரிய வேண்டும், அதற்கு முன் மறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது, இன்னும் ஒரு கரண்டி ஐசிங் சுகர் போடுங்க. தேசிக்காய் தித்திப்பையும் கொஞ்சம் குறைக்கும்.

அக்கரைப்பற்று ராத்தா:
பட்டர் ஐசிங் செய்யலாமே, 125 கிராம் பட்டருக்கு 250 கிராம் ஐசிங் சுகர். பூ வைக்கலாம், பிள்ளைகளுக்கும் விருப்பம்.

அடுப்பங்கரை, களுவாஞ்சிகுடி:
ருசி அதுதான் ராத்தா, ஆனால் 32, 33 பாகை வந்தாலே பட்டர் உருகத் தொடங்கும், இப்போ பகலில் நம்ம பக்கம் அதைவிடக் கூட. பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் வரும் வரைக்கும் மேசையில் நிற்காது.

மீன்பாடும்ஊர்:
முட்டை வெள்ளைக்கருவில் ரொயல் ஐசிங் அடித்தால் கல்லு மாதிரி இறுகும், வெக்கைக்கு அசையாது. ஒரு வெள்ளைக்கருவுக்கு 225 கிராம் வரை பிடிக்கும்.

அக்கரைப்பற்று ராத்தா:
பச்சை முட்டை தம்பி, சல்மொனெல்லா கிருமிப் பயம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற கேக்குக்கு நான் போடமாட்டேன். தங்கச்சி, தேசிக்காய் ஐசிங்கே செய்யுங்க, நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் சாறு நாலு சொட்டு, அதையும் தண்ணீர்க் கணக்கில் சேருங்க. இன்னொன்று, ஐசிங் போட்டபின் பிரிட்ஜில் வைக்காதீங்க. வெளியே எடுத்ததும் நம்ம ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கேக்கில் வேர்த்து, ஐசிங் பிசுபிசுவென்று அழத் தொடங்கும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போட்டு, எறும்பு வராமல் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைத்துவிடுங்க.

கல்லடிக்காரி, ஞாயிறு:
காலை ஆறு மணிக்குப் போட்டேன். 2 மேசைக்கரண்டிச் சாறு விட்டதும் புட்டு மா மாதிரி உதிரியாக நின்றது, கை துறுதுறுத்தது, ஆனாலும் தண்ணீர் விடவில்லை, கலக்கக் கலக்க இளகிப் பளபளவென்று வந்துவிட்டது. நாலு சொட்டு பீட்ரூட் சாறு விட்டேன், இளஞ்சிவப்பு. எட்டு மணிக்கு விரல் வைத்துப் பார்த்தேன், மேலே மெல்லிய ஓடு கட்டியிருந்தது. பின்னேரம் மகள் கத்தி வைத்தபோது அந்த ஓடு 'டக்' என்று வெடித்தது, அதைக் கேட்கவே இரண்டாம் துண்டையும் தானே வெட்டினாள். மகனுக்கும் அடுத்த ஞாயிறு ஒன்று செய்து கொடுக்கப்போகிறேன்.