வெசிகிளுக்குள் இருக்கும் சைட்டோகைனா, கூடவே ஒட்டி வந்ததா?

நீலமூடி:
புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் உள்ள எக்ஸ்ட்ராசெல்லுலார் வெசிகிள்கள் (செல்கள் வெளியே விடும் நுண்ணிய சவ்வுப் பைகள்) சுமக்கும் சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே தகவல் சொல்லும் புரதங்களை, அளக்கிறேன். சீரத்தில் (இரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் தெளிநீர்) வீழ்படிவு கிட் போட்டு, அடியில் தங்கியதை அப்படியே மல்டிபிளெக்ஸ் பீட் அசேயில் (ஆன்டிபாடி பூசிய மணிகளால் பல புரதங்களை ஒரே தடவையில் அளக்கும் சோதனை) ஓட்டினேன். சைட்டோகைன்களில் ஐஎல்-8, டிஜிஎஃப்-பீட்டா இரண்டும் எகிறுகின்றன, ஐஎல்-6ம் ஓரளவு வருகிறது. கைடுக்கு ஏக மகிழ்ச்சி. ஆனால் இதே ஆட்களின் வெறும் சீரத்தை ஓட்டினாலும் யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்ற வரிசை மாறவே இல்லை. நான் அளப்பது வெசிகிளையா, இல்லை சீரத்தையே இரண்டாம் தடவையா?

பழைய பிப்பெட்:
பெரும்பாலும் சீரத்தைத்தான். அந்த கிட்டில் இருக்கும் பாலிமர் வெசிகிளைப் பொறுக்கி எடுக்காது, அல்புமின், ஆன்டிபாடி, லிப்போபுரோட்டீன் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் சீரம். இரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் தங்களிடம் இருக்கும் டிஜிஎஃப்-பீட்டாவைக் கொட்டும், புதிதாக வெசிகிள்களையும் விடும். புற்றுநோயாளிகள் பலருக்குப் பிளேட்லெட் எண்ணிக்கையே கூடுதலாக இருக்கும் என்பதால், நோய் காட்டும் வித்தியாசம் என்று நீங்கள் நினைப்பது குழாய்க்குள் நடந்த உறைதலாக இருக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் அல்லது இடிடிஏ சேர்த்துப் பிரித்த பிளாஸ்மாவுக்கு மாறுங்கள். 2,500 ஜி-யில் 15 நிமிடம், இரண்டு முறை சுற்றி, அதன் பிறகே ஃப்ரீசரில் வையுங்கள். மிச்சமிருக்கும் பிளேட்லெட்டோடு ஃப்ரீசரில் வைத்தால் உருக்கும்போது அவை உடையும், அப்புறம் அழுது பயனில்லை.

சிடி63:
பிரிப்பதற்கு சைஸ் எக்ஸ்குளூஷன் காலம் (column, அளவுப்படி பிரிக்கும் குழாய்) போடுங்கள். வெசிகிள் முதலில் இறங்கும், தனிப் புரதங்கள் பின்னால் வரும். வெசிகிள் ஃபிராக்ஷனை (வெசிகிள் இறங்கும் பகுதியை) மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிடாதீர்கள், எல்லாவற்றிலும் சைட்டோகைனை அளந்து, அது வெசிகிளின் அடையாளப் புரதங்களான சிடி81, சிடி63 இருக்கும் இடத்தில் எழும்புகிறதா, அல்புமின் பக்கம் எழும்புகிறதா என்று பாருங்கள். ஒன்று, பெரிய லிப்போபுரோட்டீன்கள் வெசிகிளோடு சேர்ந்தே இறங்கும், அதனால் அவற்றின் புரதமான அப்போ-பி-யும் பார்த்தாக வேண்டும்.

உங்கள் கேள்விக்கு நேரடி விடை வேண்டுமானால், ஆரோக்கியமான ஒருவரின் பிளாஸ்மாவில் ரீகாம்பினன்ட் (ஆய்வகத்தில் தயாரித்த) ஐஎல்-6 கலந்து அதே முறையில் பிரியுங்கள். வெசிகிள் ஃபிராக்ஷனில் எவ்வளவு வந்து நிற்கிறதோ, அவ்வளவும் வழியில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இருப்பதைப் பார்க்க ட்ரைட்டன் (சவ்வை உடைக்கும் சோப்பு போன்ற பொருள்) போட்டும் போடாமலும் ஓட்டுங்கள். சவ்வு உடையாமல் உள்ளே இருக்கும் சைட்டோகைனை ஆன்டிபாடி தொடாது. தெரிந்த அளவுகளை வைத்துப் போடும் ஸ்டாண்டர்டு கர்விலும் அதே அளவு ட்ரைட்டன் சேர்க்க மறக்காதீர்கள், நான் மறந்து ஒரு முழுத் தட்டைத் தொலைத்தவன்.

பழைய பிப்பெட்:
ஒட்டியதெல்லாம் குப்பை என்றும் ஒதுக்கிவிட வேண்டாம். உடம்புக்குள்ளேயே வெசிகிளின் மேற்பரப்பில் அமர்ந்து வேலை செய்பவை உண்டு. மெலனோமா (தோல் புற்றுநோய்) செல்கள் விடும் சிறு வெசிகிள்களான எக்ஸோசோம்களின் மேல் பிடி-எல்1 என்ற புரதம் இருந்து டி செல்களை அடக்குவதை 2018-இல் காட்டினார்கள். அப்புறம் டிஜிஎஃப்-பீட்டா பெரும்பாலும் செயலற்ற வடிவத்தில் இருக்கும், அமிலம் சேர்த்து விடுவித்தால்தான் பெரும்பாலான கிட்கள் அதைக் காணும்.

நீலமூடி:
ஃப்ரீசரில் இருப்பதெல்லாம் சீரம்தான். தூக்கி எறிய வேண்டியதுதானா?

சிடி63:
டிஜிஎஃப்-பீட்டாவை விட்டுவிடுங்கள். மற்றதை அந்தப் பிரிப்புக் குழாயில் ஓட்டி முறையைப் பழகிக்கொள்ள அந்த சீரம் போதும், நோயாளி எதிர் ஆரோக்கியர் என்ற ஒப்பீட்டுக்கு மட்டும் புது பிளாஸ்மா வாங்குங்கள். முடிவை ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். துகள் எண்ணிக்கையால் வகுத்தால், எண்ணும் கருவி லிப்போபுரோட்டீனையும் துகளாகவே எண்ணியிருக்கும்.