நிலைக்கதவு கப்பல் ஏறினால் கடத்தலா, வியாபாரமா?

பள்ளத்தூர்க்காரன்:
செட்டிநாட்டில் எங்கள் எதிர்வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டார்கள். 1908-இல் கட்டிய வீடு, முகப்பிலேயே வருடம் போட்டிருக்கும். போன வாரம் லாரி வந்து நிலை, இரட்டைக் கதவு, வளவுத் (நடுமுற்றத்துத்) தூண்கள், நிலைக்கு மேலே இருந்த கஜலட்சுமிப் பலகை என்று ஒன்று விடாமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கே போகிறது என்று கேட்டேன். "கொச்சி, அங்கிருந்து வெளியூர்" என்றார் ஏற்றியவர். எந்த வெளியூர் என்றதற்குச் சிரித்தார், அவ்வளவுதான். கோயில் சிலை ஒன்று வெளிநாடு போனால் ஊரே கொதிக்கிறது, இது போனால் மட்டும் ஏன் யாரும் வாயைத் திறப்பதில்லை? என்னைக் கேட்டால் இதுவும் கடத்தல்தான்.

பழையசாமான்:
அண்ணே, அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். நான் காரைக்குடியில் இதே தொழிலில் இருப்பவன். ஸ்ரீபுரந்தான் நடராஜரைப் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடி, பொய்க் காகிதம் தயாரித்து, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள், 2014-இல் அங்கிருந்தே திரும்பி வந்தது. விற்ற சிலை வியாபாரி சுபாஷ் கபூருக்கு வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் 10 ஆண்டு சிறை கொடுத்தது. அது திருட்டு. இங்கே பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, காசு வாங்கிக்கொண்டு, சாவியையும் கையில் கொடுக்கிறார்கள். நாங்கள் எடுக்காவிட்டால் மர மில்லுக்குப் போகும். அங்கே யாளி செதுக்கிய தூணாக இருந்தாலும் கன அடிக் கணக்குதான், அறுத்துக் கட்டில் செய்துவிடுவான். அப்புறம் இன்னொன்று: தேக்கு பர்மாவுடையது, பளிங்கு இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம். யாருடைய பாரம்பரியத்துக்கு யார் சண்டை போடுகிறோம்?

பள்ளத்தூர்க்காரன்:
மரம் பர்மாவுடையது, உளி பிடித்த கை இந்த ஊர் ஆசாரியுடையது. அரிசி எந்த ஊரில் விளைந்தது என்று பார்த்தா சமையலுக்குப் பேர் வைக்கிறோம்?

ஓலைப்பெட்டி:
இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. திருட்டு வேறு, சட்டவிரோத ஏற்றுமதி வேறு. தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் 1972-இல் வந்தது, 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறு வயதைத் தாண்டிய சிலை, ஓவியம் மட்டுமல்ல, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த எந்தப் பொருளும் தொல்பொருள்தான், அதைத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சுவடிக்கு 75 வயது போதும், ஆக அந்தக் காலத்துக் இசைகுடிமான ஓலையை, அதாவது கல்யாணப் பதிவு ஓலையைக்கூட நினைத்தபடி விற்றுவிட முடியாது. உள்நாட்டில் விற்கலாம், ஆனால் விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவது மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ மட்டும் செய்யக்கூடிய காரியம். மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. எனவே 1908-ஆம் வருடத்து நிலையை நாற்பது பேர் கையெழுத்தோடு வாங்கியிருந்தாலும், கப்பல் ஏற்றினால் குற்றம்தான் பழையசாமான் தம்பி.

பழையசாமான்:
நான் கப்பல் ஏற்றுவதில்லை. பெங்களூர்க்காரர் வாங்குகிறார், அவரிடம் யார் வாங்குகிறார் என்று நான் பின்னாலேயே போக முடியுமா? அப்புறம் இந்த நூறு வருடக் கணக்கே வேடிக்கைதான். 1908 வீட்டுக் கதவு தொல்பொருள், அடுத்த தெருவில் 1931-இல் அதே மாதிரி செதுக்கிய கதவு வெறும் மரச்சாமான்!

கோட்டையூர் ஆச்சி:
எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள், வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் 43 பங்கு. வருடத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடினால் பத்துப் பேர் வருவது பெரிய விஷயம். போன மழையில் இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் பாதிப் பேர் போனையே எடுக்கவில்லை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. அதற்கப்புறம் மரவை, மங்குச் சாமான் என்று வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். எங்கள் அப்பத்தாவின் கழுத்துருவை, கல்யாணத் தாலி மாலையை, பிரித்து மூன்று பேர் பங்கு போட்டு உருக்கினோம். இன்றைக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டுக் கழுத்துரு ஒன்று இருக்கிறதாமே, அது முழுசாக இருக்கிறது, எங்களுடையது இல்லை. விற்காதே என்று சொல்ல வருகிறவர்கள் ஓடு மாற்றக் காசு கொண்டு வாருங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
ஆச்சி, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அங்கே போனால் பத்திரமாக இருக்கும் என்பதையும் நான் நம்பவில்லை. எல்லாம் அருங்காட்சியகத்துக்கா போகிறது? வெளிநாட்டில் ஒரு ஹோட்டலில் நானே பார்த்தேன், நம் ஊர் நிலைக்கதவைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசையாக்கியிருந்தார்கள். லட்சுமி தலைக்கு நேர் மேலே சாஸ் பாட்டில். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். இதைத் திருப்பிக் கேட்க ஒரு வழியும் இல்லையா, யுனெஸ்கோ அது இது என்கிறார்களே?

ஓலைப்பெட்டி:
இருக்கிறது, ஆனால் உங்கள் கதவுக்கு அது பெரிதாக உதவாது. 1970 யுனெஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா 1977-இல் சேர்ந்தது, பிரிட்டன் 2002-இல்தான் வந்தது. அருங்காட்சியகத்திலோ கோயிலிலோ பொது நினைவுச்சின்னத்திலோ திருடு போனது, அதன் இருப்புப் பதிவேட்டிலும் இருந்தது என்று காட்டினால்தான் திருப்பிக் கேட்கும் அந்த விதி பேசும். தெரியாமல் வாங்கியவருக்குக் கேட்கிற நாடு நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும். தனியார் வீட்டுக் கதவு, அதுவும் சொந்தக்காரரே விற்றது, இதற்குள் எங்கே வரும்? சட்டவிரோத ஏற்றுமதிக்கும் வெளிநாட்டு நீதிமன்றத்தில் போய் நிற்க வழி செய்தது 1995 யூனிட்ராய்ட் உடன்படிக்கை. அதில் இந்தியா சேரவே இல்லை, எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். 2024 ஜூலையில் அமெரிக்காவோடு ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. பட்டியலில் உள்ள வகைப் பொருள் அனுமதி இல்லாமல் வந்தால் அவர்கள் சுங்கத்திலேயே பிடிக்கலாம், ஆனால் அது ஒரு நாட்டோடு மட்டும்.

பத்தூர் நடராஜர் வழக்கைப் பாருங்கள். 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த சிலை, லண்டன் போய், இடிந்து கிடந்த கோயிலே வாதியாக நின்று ஜெயித்து 1991-இல் திரும்பி வந்தது. ஸ்ரீபுரந்தான் சிலைக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம்தான் சாட்சி. நம் வீடுகளுக்கு அப்படி என்ன இருக்கிறது, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் பாதி தெரிகிற கதவு! யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே ஏறிவிட்டன, பொருள்வாரியாகக் கணக்கு எடுத்தது யார்?

பழையசாமான்:
இப்போதுதான் வழிக்கு வருகிறீர்கள். படம் எடுப்பதை யார் தடுத்தது? வீடு விற்கிற அன்றைக்கு மட்டும் பாரம்பரியம் ஞாபகம் வருகிறது.

கோட்டையூர் ஆச்சி:
வயதானவர்கள் நாங்கள், யார் எடுப்பது? எப்படி எடுத்தால் செல்லும்?

ஓலைப்பெட்டி:
கைபேசி போதும் ஆச்சி. இன்டர்போல் 2021-இல் ஐடி-ஆர்ட் என்று ஒரு செயலி விட்டது. திருட்டுப் பொருள் பட்டியலில் தேடலாம், சொந்தப் பொருள்களையும் பதிந்து வைக்கலாம். முன்பக்கம், பின்பக்கம், நீள அகலம், எழுத்து ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் மேல் அடையாளக் குறை: வெடிப்பு, ஆணி அடித்த தடம், உடைந்த மூக்கு. ஒரே ஆசாரி செய்த பத்துக் கதவில் இது நம்முடையது என்று சொல்வது அந்தக் குறைதான்.

பள்ளத்தூர்க்காரன்:
எதிர்வீட்டுக்கு அது முடிந்து போன கதை. எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான், கஜலட்சுமிக்கு இடது பக்கத்து யானைக்குத் தும்பிக்கை நுனி இருக்காது. சின்ன வயதில் பந்து அடித்து உடைத்தது நான்.

பழையசாமான்:
இடது யானையா? பலகையின் ஓரத்தில் நீலப் பெயிண்ட் சிந்தியிருக்குமா?

பள்ளத்தூர்க்காரன்:
ஆமாம். 90-களில் ஒரு கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது.

பழையசாமான்:
அப்படியென்றால் அது கொச்சி போகவில்லை. எனக்குத் தெரிந்தவர் கிடங்கில் செவ்வாய்க்கிழமை வரை இருக்கும். அளக்க ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு, ஆச்சிக்குத் தெரிந்த பையன் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், படம் எடுத்துக்கொள்ளலாம். விலை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், பெங்களூர்க்காரர் முன்பணம் கொடுத்துவிட்டார்.

ஓலைப்பெட்டி:
உரிமம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள் அண்ணே. கப்பல் ஏறுமா என்பதையும்.