எழுத்தாளரிடம் என்ன கேட்பது?

குழு: அப்புச்சி வீட்டுச் சொந்தங்கள்

*வெள்ளி, இரவு*

நான்: எல்லோருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு நாவலாசிரியர் வருகிறார். மேடையில் அவரோடு பேச வேண்டியவள் நான்தான். முக்கால் மணி நேரம். என்ன கேட்கலாம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.

மாமா: யார் வருகிறார்?

நான்: அழைப்பிதழ் வரும் வரை பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பு மாமா.

மாமா: எங்களிடம்கூடவா?

அம்மா: உங்களிடம்தான் முக்கியமாகச் சொல்லக் கூடாது அண்ணா. காலையில் நாமக்கல் முட்டை வண்டியெல்லாம் அந்தச் செய்தியையும் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

மாமா: சரி சரி. என் கேள்வி இது: "கதையில் வருவதெல்லாம் நிஜமாக நடந்ததா?"

அண்ணன் (சென்னை): மாமா, அதைக் கேட்காத கூட்டம் தமிழ்நாட்டிலேயே கிடையாது.

அம்மா: எழுத வந்தது எப்படி என்று கேள். மரியாதையான கேள்வி.

நான்: அம்மா, அதற்கு அவர் பத்து இடத்தில் பதில் சொல்லியிருக்கிறார். யூடியூபில் எல்லாமே இருக்கிறது. மூன்று பேட்டி பார்த்தேன், மூன்றிலும் அதே பதில், அதே இடத்தில் அதே சிரிப்பு. பாவம், அவருக்கே அலுத்துப் போயிருக்கும்.

அத்தை: அப்படியானால் அவர் கையில் பதில் தயாராக இல்லாத கேள்வியாக இருக்க வேண்டும்.

நான்: அதேதான் அத்தை. ஆனால் வம்புக் கேள்வியாகவும் இருக்கக் கூடாது.

அண்ணன் (சென்னை): பாரிஸ் ரிவ்யூ என்ற ஆங்கில இலக்கியப் பத்திரிகையின் பேட்டிகளைப் படித்துவிட்டுப் போ. 1953இல் முதல் இதழிலேயே ஈ.எம். ஃபார்ஸ்டரிடம் ஆரம்பித்தார்கள், இன்னும் நிற்கவில்லை. 1958இல் ஹெமிங்வேயைப் பேட்டி எடுத்தவர் ஜார்ஜ் பிளிம்ப்டன், அந்தப் பத்திரிகையின் ஆசிரியரே. எவ்வளவு திருத்துவீர்கள் என்று கேட்கிறார். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை எழுதினேன் என்கிறார் ஹெமிங்வே. ஏன், என்ன சிக்கல் என்று இவர் விடாமல் கேட்கிறார். சொற்கள் சரியாக அமைய வேண்டுமே என்று பதில். முடிந்தது.

மாமா: 39 தடவையா? மின்வாரியத்துக்கு எழுதும் மனுவை இரண்டாம் தடவை எழுதச் சொன்னாலே எனக்குக் கோபம் வரும்.

அண்ணன் (சென்னை): அவர் சொன்னது சும்மா இல்லை மாமா. 2012இல் அந்த நாவலைப் புதிதாகப் பதிப்பித்தபோது, அவர் எழுதி ஒதுக்கிய முடிவுகளையும் சேர்த்துப் போட்டார்கள். 39ஐ விட அதிகமாகவே இருந்தன.

சித்தி (ஈரோடு): அந்தப் பேட்டிகளில் ஒரு வழக்கம் உண்டே. எழுதி முடித்ததை எழுத்தாளரிடமே காட்டுவார்கள், அவர் திருத்திக் கொடுத்த பிறகுதான் அச்சு. எனக்கு அது கொஞ்சம் நெருடல். வாய் தவறி வந்த உண்மையையெல்லாம் அவர் அடித்துவிடுவார் அல்லவா?

அண்ணன் (சென்னை): அடிக்கலாம் சித்தி. ஆனால் பேசும்போது சரியாக வராததை யோசித்து எழுதியும் கொடுப்பார். அவர்களுடைய நோக்கம் மாட்டிவிடுவது இல்லை, வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது.

சித்தி (ஈரோடு): அது பத்திரிகைக்குச் சரி. மேடையில் அழிப்பான் கிடையாது. அதனால் கண்ணு, அவர் யோசிக்கிற நேரத்தில் நீ வாயைத் திறக்காதே. நம் ஆட்கள் நாலு நொடி அமைதி வந்தால் பயந்து போய் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். நல்ல பதில் அந்த நாலு நொடிக்குப் பிறகுதான் வரும்.

நான்: இதைக் குறித்துக்கொண்டேன்.

*சனி, காலை*

மாமா: [ரோஜாப்பூ படம்] இனிய காலை வணக்கம். கிடைக்கும் நாளைக் கொண்டாடு!

அம்மா: வணக்கம் அண்ணா.

மாமா: [பலமுறை பகிரப்பட்டது] இந்த ஐந்து இலைகளை வெறும் வயிற்றில் மென்றால் சர்க்கரை ஓடிவிடும்...

அண்ணன் (சென்னை): மாமா, இதுவும் "நிஜமாக நடந்ததா?"

அத்தை: நான் ஐந்து வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் இல்லை. கண்ணு, ராத்திரி யோசித்தேன். பெருமாள்முருகனின் மாதொருபாகன் முடிவைப் பார். காளி என்ன ஆனான் என்று தெரியாமலே கதை நிற்கும். பிறகு அவரே இரண்டு நாவல் எழுதினார். ஆலவாயனில் காளி இல்லை, அர்த்தநாரியில் இருக்கிறான். ஒரே கதைக்கு இரண்டு தொடர்ச்சி. படித்தவர்கள் எல்லோரும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிடுங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். உன் நாவலாசிரியரின் புத்தகத்தில் அப்படி வேறு வழியில் போயிருக்கக்கூடிய இடம் ஒன்றைக் கண்டுபிடி. அங்கே ஏன் இந்தப் பக்கம் திரும்பினீர்கள் என்று கேள்.

நான்: அத்தை, இது பிரமாதம்.

அம்மா: அந்தப் பெயரையெல்லாம் மேடையில் எடுக்காதே. ஊரில் நடந்தது மறந்துவிட்டதா?

அண்ணன் (சென்னை): அது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்புச்சி: இதில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். பேரன் தட்டச்சு செய்து தருகிறான், அதனால் பிழை இருந்தால் அவனைத் திட்டுங்கள்.

அப்புச்சி: மாதொருபாகன் வந்தது 2010இல். காலச்சுவடு போட்டது. நாலு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானே நூலகத்தில் எடுத்துப் படித்தேன், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். 2014 டிசம்பரில்தான், ஊரையும் கோயிலையும் இழிவுபடுத்துகிறது என்று திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. முழுப் புத்தகத்தையும் யாரும் தூக்கிக்கொண்டு அலையவில்லை. சில பக்கங்களை மட்டும் நகல் எடுத்து ஊர் பூராவும் கொடுத்தார்கள். கடையடைப்பு நடந்தது.

அப்புச்சி: 2015 ஜனவரி 12இல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஓர் எழுத்தாளர் சந்திப்புதான். எழுத்தாளர் இருந்தார், பேச்சு அவர் புத்தகத்தைப் பற்றித்தான். வாங்கியதும் அவர் கையெழுத்துத்தான். ஆனால் புத்தகத்தில் வாங்கவில்லை, நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன் என்ற தாளில் வாங்கினார்கள். அப்புறம்தான் முகநூலில் எழுதினார், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று.

சித்தி (ஈரோடு): அதைப் படித்த அன்று எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பெரிய விவாதம் அப்பா. சத்தமாகப் பேசிய நாலு பேரில் மூன்று பேர் நாவலைப் படிக்கவே இல்லை.

அண்ணன் (சென்னை): 2016 ஜூலை 5 தீர்ப்பையும் சொல்லுங்கள் அப்புச்சி. சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் கொடுத்தது. அந்தத் தாளில் போட்ட கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டார்கள். புத்தகம் பிடிக்கவில்லையா, தூக்கிப் போடு, படித்தே ஆக வேண்டும் என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கடைசி வார்த்தை "எழுதுங்கள்" என்பதுதான்.

அப்புச்சி: ஆமாம். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது வேறு. காளி, அவன் மனைவி பொன்னா கதையை உட்கார்ந்து பொறுமையாகப் படித்துவிட்டு, கதையை வைத்தே பேசியிருக்கிறார்கள். நகலெடுத்த பக்கத்தை வைத்துப் பேசவில்லை. நீயும் அதைச் செய் பாப்பா. ஆளைப் பற்றி ஆயிரம் கேள்விப்பட்டிருப்பாய். அதை வீட்டில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ.

அம்மா: அப்பா சொன்னால் சரிதான். ஆனாலும் சாதி, கோயில் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

அத்தை: அம்மிணி, அவர் தன் புத்தகத்திலேயே அந்தப் பக்கம் போயிருந்தால் இவள் எப்படிப் போகாமல் இருப்பாள்? பெருமாள்முருகனின் பூக்குழியைத் திறந்தால் சமர்ப்பணத்தில், சாதி மறுத்து மணந்து 2013இல் இறந்துபோன தர்மபுரி இளவரசன் பெயர் இருக்கிறது. அதைப் புரட்டிவிட்டுப் போக முடியுமா? அந்த நாவல்தான் 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் வந்தது. உலகமே படிக்கிறது, நாம் ஊரில் வாயை மூடிக்கொண்டு "எழுத வந்தது எப்படி" என்று கேட்போமா?

அம்மா: நான் ஒரு தாயாகச் சொன்னேன். அவ்வளவுதான்.

அத்தை: தெரியும். கோபிக்காதே.

அண்ணன் (சென்னை): பெருமாள்முருகனின் பூனாச்சி நாவலின் முன்னுரை ஞாபகம் இருக்கிறதா அத்தை? மனிதர்களைப் பற்றி எழுத பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிட பயம், மிருகங்களைப் பற்றி எழுதலாம் என்றால் எனக்கு நன்றாகத் தெரிந்தவை ஐந்தே. நாயும் பூனையும் கவிதைக்கு, மாட்டையும் பன்றியையும் தொடவே கூடாது, மிச்சம் ஆடுதான் என்ற தொனியில் போகும். சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும்.

மாமா: அது உண்மைதான், ஆட்டை வைத்து யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கறிக்கடையில் எடை குறைந்தால் தவிர.

*சனி, மாலை*

சித்தி (ஈரோடு): அம்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதை எழுதுபவரே மற்றவர்களைப் பேசவைத்துக் கேட்பவராகவும் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவர்தான் உதாரணம். 1988இல் மும்பையில் ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் வாயாலேயே சொல்வதைப் பதிவு செய்கிற வேலை. உன் தோழிகளுக்கும் சொல்.

அண்ணன் (சென்னை): இன்னொன்று. கொலம்பிய நாவலாசிரியர் மார்க்கேஸ் 1981 பாரிஸ் ரிவ்யூ பேட்டியில் சொன்னது. வானத்தில் யானைகள் பறக்கின்றன என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், 425 யானைகள் பறக்கின்றன என்றால் நம்பிவிடுவார்கள் என்கிறார். பத்திரிகை வேலையில் கற்ற தந்திரமாம். அந்த மாதிரி ஒரு "425" உன் எழுத்தாளரின் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்து அதில் கையை வை.

நான்: இருக்கிறது அண்ணா! ஒரு அத்தியாயம் முழுக்கக் கிணறு வெட்டுகிறார்கள். மேலே செம்மண், அப்புறம் சரளை, அதற்குக் கீழே பாறை, பாறையின் நிறம் மாறுகிற ஆழம் வரைக்கும் சொல்கிறார். படிக்கும்போது கழுத்தில் தூசி ஒட்டுகிறது. இத்தனைக்கும் இவர் விவசாயக் குடும்பம் இல்லை, அப்பா ஊரில் துணிக்கடை வைத்திருந்தவர்.

மாமா: எந்த ஆழத்தில் நிறம் மாறுகிறது என்கிறார்?

நான்: நாற்பது அடியில் மாமா. கறுப்புப் பாறை முடிந்து வெளுப்பாக வருகிறது, அங்கேதான் ஊற்று கசிகிறது.

மாமா: நம் தோட்டத்துக் கிணற்றிலும் அப்படித்தான். வெளுப்பு வந்ததும்தான் ஈரம் தெரிந்தது. வேட்டு வைத்த பிறகு உள்ளே இறங்குபவன் முதலில் என்ன செய்வான் என்று எழுதியிருக்கிறாரா?

நான்: மேலேயே கொஞ்ச நேரம் நிற்கிறார்கள், புகை அடங்கட்டும் என்று. அப்புறம் கம்பியால் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார்கள்.

மாமா: ஐயோ. தட்டுவது சத்தத்துக்கு. பிளந்து தொங்குகிற கல் வேறு மாதிரிச் சத்தம் கொடுக்கும். அதைக் கிணற்றுக்குள் இறங்காதவன் எழுத முடியாது. இல்லை, இறங்கிய ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டிருக்க வேண்டும். யாரிடம் கேட்டார்? எந்தக் கிணறு? அந்த ஆள் இந்தப் புத்தகத்தைப் படித்தாரா?

அத்தை: பார்த்தீர்களா, இவருக்கும் கேள்வி கேட்க வருகிறது!

அண்ணன் (சென்னை): மாமா, நேற்று நீங்கள் கேட்ட "நிஜமாக நடந்ததா?"தான் இது. ஆனால் இன்றைக்கு அதற்கு அவரிடம் தயார்ப் பதில் இருக்காது.

நான்: மாமா, இதுதான் என் முதல் கேள்வி. அந்தக் கிணற்றுக்காரர் இந்தப் புத்தகத்தைப் படித்தாரா என்பதையும் சேர்த்துத்தான். இரண்டாவது அத்தையுடையது, கதை திரும்பிய இடம். மூன்றாவதாக சமர்ப்பணப் பக்கம். மற்றதெல்லாம் அவர் என்ன பேசுகிறாரோ அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அப்புச்சி: போதும். மூன்றுக்கு மேல் எடுத்துக்கொண்டு போனால் நீ தாளைத்தான் பார்ப்பாய்.

அம்மா: எழுத வந்தது எப்படி?

நான்: நேரம் மிச்சம் இருந்தால் கேட்கிறேன் அம்மா.

மாமா: ஞாயிறு நானும் வருகிறேன். வாசகர் கேள்வி நேரத்தில் மைக் முதலில் என் கைக்கு வர வேண்டும்.

நான்: ஒரு நிபந்தனை. புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டும்.

மாமா: எத்தனை பக்கம்?

நான்: 312.

மாமா: கிணறு எந்தப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது?

அப்புச்சி: டேய், அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்துவிடாதே.

அத்தை: மாமா, கவலையை விடுங்கள். ராத்திரி சீரியல் நேரத்தில் நானே சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.